ஒரு நாளைக்கு 100 ரூபாயில சத்தா சாப்பிட முடியுமா?

மேன்ஷன்வாசி:
நேத்து இங்க ஒருத்தர் "காசு இல்லன்னு சாக்கு சொல்லாதீங்க, சிறுதானியத்துக்கு மாறுங்க, ஆஸ்பத்திரி செலவு மிச்சம்"னு போட்டிருந்தாரு. எனக்கு சம்பளம் 16,000, ஊருக்கு அனுப்பி, திருவல்லிக்கேணில ரூம் வாடகை குடுத்து, பஸ், போன் எல்லாம் போக சாப்பாட்டுக்கு நிக்கிறது 3000. தினை ஒரு கிலோ வாங்குற காசுக்கு கிட்டத்தட்ட ரெண்டு கிலோ அரிசி வரும். படிக்கும்போது மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, சாக்கு சொல்ற ஆள் இல்ல நான்.

மானாவாரி:
எழுதினது நான்தான் நண்பா. சாக்குங்கற வார்த்தை தப்பு, மன்னிச்சுக்கோங்க. ஆனா விஷயத்துல மாற மாட்டேன். சாமை, வரகு, தினைக்கெல்லாம் உமி நீக்கணும், அதுக்கு மில்லு கம்மி, விலை ஏறுறதுக்கு அதுவும் ஒரு காரணம். கேழ்வரகுக்கு அந்த வேலையே கிடையாது, அப்படியே அரைக்கலாம், அதனால இன்னும் கைக்கு எட்டுற விலைதான். 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம், அதே அளவு பால்ல 120 பக்கம்தான். 2023ல தர்மபுரி, நீலகிரி ரேஷன்ல 2 கிலோ அரிசிக்கு பதிலா கேழ்வரகு குடுக்க ஆரம்பிச்சாங்களே, அத எல்லா மாவட்டத்துக்கும் கேட்போம்.

மதுரைக்காரி:
ரெண்டு பேரும் தானியத்தையே பிடிச்சு தொங்குறீங்க. நம்ம வீட்டு தட்டுல சோறு எப்பவும் குறைஞ்சதில்ல, குறையிறது பருப்பும் கீரையும்தான். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபா, 100 கிராம்ல 22 கிராம் புரதம், அதாவது 3 ரூபாய்க்கு, இதவிட சீப்பா எங்க கிடைக்கும் சொல்லுங்க? முருங்கைக்கீரை பக்கத்து வீட்ல கேட்டா சும்மாவே ஒடிச்சு தருவாங்க, சாளை மீன் மலிவா வர்ற நாள்ல வாங்கி முள்ளோட குழம்பு வச்சிருவேன். நாலு பேரு குடும்பம் அப்படித்தான் ஓடுது.

மேன்ஷன்வாசி:
அக்கா, அந்த பருப்பு கார்டுக்கு மாசம் ஒரு கிலோதானே? நாலு பேரு, 30 நாள், வகுத்துப் பாருங்க, ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம், ஒரு கரண்டி சாம்பார்ல கரைஞ்சு போயிரும். எனக்கு அதுவும் இல்ல, கார்டு ஊர்ல அப்பா அம்மாகிட்ட இருக்கு. ரூம்ல அடுப்பு வைக்கக் கூடாது. காலைல 8 மணிக்கு கிளம்பினா ராத்திரி 9 ஆகுது, கீரை ஆய எந்த நேரத்துல உக்கார்றது?

மானாவாரி:
அம்மா உணவகம் பக்கத்துல இல்லையா?

மேன்ஷன்வாசி:
இருக்கு, அதுலதான் உயிர் ஓடுது. 2013ல ஆரம்பிச்சப்போ வச்ச அதே விலை, இட்லி 1 ரூபா, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. நன்றியோடதான் சொல்றேன், ஆனா பெரும்பாலும் அரிசிதானே. சேர்த்து ஒரு அவிச்ச முட்டை கிடைச்சா என்ன மாதிரி எத்தனை பேருக்கு உதவும்!

மதுரைக்காரி:
தம்பி, 8 கிராம் கணக்கு சரிதான். மிச்சத்துக்கு நான் தட்டைப்பயறும் வேர்க்கடலையும் வெளிய வாங்கித்தான் ஈடுகட்டுறேன், அத மொதல்லயே சொல்லியிருக்கணும். அடுப்பு இல்லாம எப்படின்னு நானும் யோசிக்கல. ஆனா முடியாதுன்னு விட்றாதீங்க. பச்சப்பயற ராத்திரி ஊற வச்சு, காலைல தண்ணி வடிச்சு ஈரத்துணில கட்டி தொங்க விட்டுட்டு வேலைக்குப் போங்க, வர்றதுக்குள்ள முளை விட்டிருக்கும், நல்லா கழுவிட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு சாப்பிடுங்க, புளிப்பு சேர்ந்தா அதுல இருக்கிற இரும்புச்சத்து நல்லா உடம்புல ஒட்டும். அம்மா உணவகத்துல வாங்குற சாதத்தோட ரெண்டு முட்டை சேர்த்துக்கோங்க, அதுல மட்டும் 12 கிராம் புரதம். கெட்டில் வைக்க விடுவாங்களா?

மேன்ஷன்வாசி:
கெட்டிலுக்கு ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு அக்கா. அப்போ முட்டைய அதுலயே அவிச்சிரலாம். பயறு இன்னிக்கே வாங்குறேன், ஒரு ஆளுக்கு எத்தனை பிடி போடணும்?

மதுரைக்காரி:
ஒரு பிடி போதும், ஊறினா ரெண்டு பங்காகும். மொத நாளே ரொம்ப சாப்பிட்டா வயிறு உப்பும், பச்சையா ஒத்துக்கலன்னா கெட்டில் தண்ணில கொஞ்சம் கொதிக்க விட்டு எடுத்துக்கோங்க.