வேளச்சேரி வீட்டை விற்றுவிட்டு ஏலகிரிக்குக் குடிபோகலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வேளச்சேரி_மீனா

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான் ஓடுகிறது, ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட், சொந்த வீடு, வங்கிக் கடன் அடைத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. 2015 வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் முழங்கால் வரை வந்துவிட்டது. மூன்று நாள் கரண்ட் இல்லை. மாமனாரை மாடிப்படியில் உட்கார வைத்து, அவருடைய மாத்திரை டப்பாவைப் பாலிதீன் பையில் சுற்றி என் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் "இனிமேல் இங்கே வேண்டாம்" என்றார்.

அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் தரமணி ஆபீஸ், மற்ற நாளெல்லாம் வீட்டிலிருந்தே வேலை. நான் வீட்டிலிருந்தபடியே சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன், நெட் இருந்தால் போதும். மகள் நான்காவது படிக்கிறாள், அவளுக்கு வீசிங் தொந்தரவு. மாமனாருக்கு 72 வயது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானல் ரொம்ப தூரம், அங்கே 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. ஏலகிரி என்றால் சென்ட்ரலில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வீடு. போன மாதம் நிலாவூர் பக்கம் 20 சென்ட் இடம் ஒன்று பார்த்தோம். பின்பக்கம் காடு ஆரம்பிக்கிறது, நடுவில் பெரிய பலா மரம், என் மகள் அந்த மரத்தடியை விட்டு வரவே மாட்டேன் என்றாள். புரோக்கர் இந்த மாதத்துக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். ஃபிளாட்டை விற்றால்தான் அதை வாங்கி வீடு கட்ட முடியும்.

வயநாட்டில் 2024 ஜூலையில் நடந்த நிலச்சரிவை டிவியில் பார்த்ததிலிருந்து மலைச்சரிவு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அவருக்கோ மனசு ஏற்கெனவே மலைக்குப் போய்விட்டது. அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

இறங்கி_வந்தவன்

நான் ஏலகிரி ஆத்தனாவூரில் 2017 முதல் 2022 வரை ஐந்து வருஷம் குடும்பத்தோடு இருந்தவன், அந்த உரிமையில் எழுதுகிறேன் சகோதரி.

முதலில் வெயில். ஏலகிரியை எல்லோரும் இன்னொரு ஊட்டி என்று நினைத்து வருகிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், ஏலகிரி அதில் பாதி, சுமார் 1,100 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும், அவ்வளவுதான் கணக்கு. கீழே வாணியம்பாடியில் மே மாதம் 40ஐத் தாண்டும்போது மேலே 33, 34 இருக்கும், மத்தியானத்தில் ஃபேன் இல்லாமல் முடியாது. ஆனால் ராத்திரி நன்றாக இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன், ஐந்து வருஷமும் ஏசி வாங்கவே இல்லை.

தண்ணீர்தான் பெரிய விஷயம். அது பாறை மலை. பாறை வெடிப்புகளில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் போர்வெல்லில் வரும், ஆழமாகப் போட்டால் நிறைய வரும் என்பதெல்லாம் இல்லை. நான் 600 அடி போட்டேன், முதல் இரண்டு வருஷம் குறையே இல்லை. அப்புறம் பக்கத்தில் இரண்டு விடுதிகள் வந்தன, அவர்களும் போர் போட்டார்கள். மூன்றாவது கோடையில் மோட்டார் போட்டால் பத்து நிமிஷம் செம்மண் கலந்து வரும், அதற்கப்புறம் குழாய் இருமுகிற மாதிரி காற்றைத் துப்பும். அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி அடுப்படியில் எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே நின்றுவிடுவாள். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கித்தான் அந்த வருஷம் ஓட்டினோம்.

ரயில் வசதி உண்மைதான். ஏலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பி சென்ட்ரல் போகும், சாயங்காலம் திரும்பும். ஆனால் அதைப் பிடிக்க உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி மூன்றரைக்கு எழுந்து மலை இறங்க வேண்டும், அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, சொந்த வண்டிதான். ராத்திரி ரயிலை விட்டு இறங்கி மறுபடியும் 14 வளைவு. வாரத்தில் இரண்டு நாள் என்பது எழுதும்போது சின்ன விஷயமாகத் தெரியும், மழைக்காலத்தில் செய்து பார்த்தால்தான் தெரியும்.

நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது உங்கள் மாமனாருக்காக. 2021இல் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு என் அம்மாவுக்கு நெஞ்சை அடைத்தது. மேலே ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, காய்ச்சலுக்கும் காயத்துக்கும் சரி. இதயத்துக்கு அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் வேலூர்தான் போக வேண்டும், தொண்ணூறு கிலோமீட்டர் போல வரும். அன்றைக்கு மலை முழுக்க மூடுபனி. பகலில் அந்த வளைவுகளில் பெயர்ப்பலகை பார்த்திருப்பீர்கள், புலவர்களும் வள்ளல்களுமாக, பாரதியார், கபிலர், பாரி, ஓரி என்று. அன்றைக்கு ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி ரோட்டோரக் கோட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார், நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனை வளைவு தாண்டினோம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவதுக்கு அப்புறம் எண்ணிக்கை தவறிவிட்டது. வேலூர் போய்ச் சேர இரண்டே முக்கால் மணி நேரம். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் அடைப்பை எடுக்க நேரமானதில் இதயத்தின் ஒரு பகுதி போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னார். அடுத்த வருஷமே இறங்கி வந்துவிட்டோம், இப்போது காட்பாடியில் இருக்கிறோம்.

மலையை நான் வெறுக்கவில்லை. என் பையனுக்கு மூச்சுத் தொந்தரவு அங்கே குறைந்தது, ஆனால் பூ பூக்கிற சீசனில் மகரந்தத்தால் கூடவும் செய்தது. மகளுக்குப் பார்க்கும் டாக்டரைக் கேட்காமல் அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமனார் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள்.

பத்திரம்_படிப்பவர்

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள் மேடம். ஒரு ரூபாய்கூட.

மலை நிலம் சமவெளி மனை மாதிரி இல்லை. முதலில் அந்த இடம் யார் பேரில், எப்படி வந்தது என்று பாருங்கள். பழங்குடி மக்களுக்கு அரசு நிபந்தனையோடு கொடுத்த பட்டாவாக இருந்தால் அதை வெளியாள் வாங்கினாலும் நிற்காது, பின்னால் ரத்தாகலாம். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதை மட்டும் நம்பக்கூடாது. இன்றைய பட்டா, சிட்டாவோடு நிறுத்தாமல் பழைய ‘அ’ பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) அந்த சர்வே எண் எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், முடிந்தால் அதற்கு முன்னாலும்.

அடுத்தது ஹாக்கா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 1990இலிருந்து தமிழ்நாட்டில் பல மலைக் கிராமங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் உள்ள கிராமமென்றால் பஞ்சாயத்தில் கேட்டுவிட்டு வீடு கட்டிவிட முடியாது, வனத்துறை, புவியியல், வேளாண் பொறியியல் என்று பல துறைகளின் கருத்தை வாங்கித்தான் அனுமதி வரும். உங்கள் சர்வே எண்ணைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள், புரோக்கர் வாயால் சொல்வது எதற்கும் உதவாது.

பின்பக்கம் காடு என்கிறீர்கள். அது காப்புக்காடா, எல்லைக் கல் எங்கே நிற்கிறது, நில அளவை வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள வேலியும் ஒன்றா? சர்வேயரைக் கூட்டிப்போய் அளந்தே ஆக வேண்டும். அப்புறம் பாதை. மண் ரோடு கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக அது உங்கள் பாதையாகிவிடாது, பத்திரத்தில் வழிப்பாதை உரிமை எழுதியிருக்க வேண்டும்.

நிலச்சரிவு பயம் நியாயமானதுதான். இடத்துக்கு மேலே சரிவு எவ்வளவு செங்குத்து, பக்கத்தில் ஓடை இருக்கிறதா, யாராவது மேலே மலையை வெட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்களா என்று நீங்களே நடந்து பாருங்கள். கோடையில் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பள்ளம் என்று சொல்லி மனையோடு சேர்த்து விற்பார்கள்.

நிலாவூர்_தம்பி

அக்கா, நான் நிலாவூரில் பிறந்தவன், மலையாளி சமூகம் (கேரளாவோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், எங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள்). இப்போது அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறேன். நீங்கள் வரக்கூடாது என்று சொல்ல வரவில்லை. வருகிறவர்கள் எங்களிடம் கேட்கவே கேட்காத சில விஷயங்கள் இருக்கின்றன, அதைச் சொல்கிறேன்.

"பின்னால் காடு ஆரம்பிக்கிறது" என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காடு வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் காடு இல்லை, மாசியிலேயே இலை கொட்டிவிடும். பங்குனி, சித்திரையில் சருகு முழங்கால் வரை கிடக்கும், யாராவது ஒரு பீடித் துண்டைப் போட்டால் போதும். தீ கீழிருந்து மேலே ஏறும்போது எவ்வளவு வேகமாக வரும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஆம்பளைகள் பொம்பளைகள் எல்லோரும் பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு ஓடி அடித்து அணைப்போம். மறுநாள் காலையில் கொடியில் காயப்போட்ட துணியில் கறுப்புச் சாம்பல் பொட்டுப் பொட்டாக இருக்கும், தட்டினால் போகாது, தேய்த்தால் இன்னும் பரவும். காட்டை ஒட்டி வீடு கட்டுகிறவர்கள் சுற்றிலும் அகலமாக மண் தெரியப் பெருக்கி வைத்திருக்க வேண்டும், தினமும். வாரக் கடைசிக்கு மட்டும் வருகிறவர்கள் அதைச் செய்வதில்லை, தீ வரும்போது அவர்கள் வீட்டுக்கும் சேர்த்து நாங்கள்தான் ஓடுகிறோம்.

இன்னொன்று வேலி. வெளியூர்க்காரர்கள் இடம் வாங்கியதும் முதலில் கம்பி வேலி போடுகிறார்கள். எங்கள் பாட்டி ஊற்றுக்குத் தண்ணீருக்குப் போன தடம் இரண்டு வேலிக்கு அந்தப்பக்கம் மாட்டிக்கொண்டது, கடைசி காலத்தில் அவர் சுற்றிக்கொண்டு ரொம்ப தூரம் நடந்தார். வாங்குவதற்கு முன்னால் அந்த இடத்தின் வழியாக யார் நடக்கிறார்கள், மாடு எந்தப் பக்கம் போகிறது என்று பக்கத்து வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள். டீ கொடுப்பார்கள், எல்லாம் சொல்வார்கள்.

எங்கள் தாத்தா இரண்டு ஏக்கர் சாமை விளைந்த நிலத்தை விற்றார். அதில் இப்போது ஒரு விடுதி இருக்கிறது, என் சித்தப்பா அங்கே இரவுக் காவல் பார்க்கிறார். வாங்கியவர் மேல் எனக்குக் கோபமில்லை, விலை கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் வாடகைக்கு வந்து எங்களோடு இருக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

மகளை மரத்தடியில் விளையாட விடும்போது செருப்புப் போடச் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், ஆளை நடக்க விடாமல் உடனே 108ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கேதான் இருக்கும்.

மேடவாக்கம்_செல்வம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். உங்கள் பிரச்சினை மலை இல்லாததா, தரைத்தளமா? அதே வேளச்சேரியில் இரண்டாவது மாடிக்கு வாடகைக்குப் போனாலே பாதிப் பயம் போய்விடும். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தண்ணீர் உங்கள் தெருவில் நிற்கிறது, அது மறுபடியும் வரும். காடு பார்க்க வேண்டுமென்றால் நன்மங்கலம் காப்புக்காடு மேடவாக்கத்தை ஒட்டித்தான் இருக்கிறது, நான் தினமும் அதன் ஓரமாகத்தான் நடக்கிறேன். ஃபிளாட்டை மட்டும் விற்காதீர்கள், ஒருமுறை விற்றுவிட்டு வெளியே போனால் திரும்பி அந்த ஏரியாவில் வாங்க உங்களால் முடியாது.

வேளச்சேரி_மீனா

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி இந்தப் பதில்களையெல்லாம் வீட்டில் சத்தமாகப் படித்தேன். இறங்கி_வந்தவன் அண்ணா எழுதியதைப் படிக்கும்போது என் வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் இவ்வளவு பேசியிருக்கிறோம், மாமனாரிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காலையில் காபி கொடுக்கும்போது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "இங்கே மழை வந்தால் தண்ணீர் எந்தப் படி வரை ஏறும் என்று பார்த்துக்கொண்டு படுக்கிறேன்மா, அங்கே வந்தால் பனி இறங்குதா என்று பார்த்துக்கொண்டு படுப்பேன்" என்றார். தண்டீஸ்வரர் கோயிலில் பிரதோஷத்துக்குத் தன்னோடு உட்காரும் நான்கு பேரின் பெயரையும் சொன்னார்.

அதனால் அட்வான்ஸ் கொடுக்கவில்லை, புரோக்கருக்கு போன் செய்து சொல்லியாகிவிட்டது. ஃபிளாட்டை விற்கப் போவதில்லை, அதை வாடகைக்கு விட்டுவிட்டு இதே தெருவில் இரண்டாவது மாடியில் வீடு தேடுகிறோம். ஏலகிரியை முழுக்க விடவும் மனசு வரவில்லை. மகளுக்கு லீவு விடும் ஏப்ரல், மே இரண்டு மாதமும் அங்கே வாடகைக்கு இருந்து பார்க்கலாம் என்றிருக்கிறோம், தண்ணீர் குறைந்து தீ பிடிக்கும் மாதங்கள் என்று தெரிந்தேதான். மாமனார் முதல் இரண்டு வாரம் வந்து இருந்துவிட்டுத் திரும்புவார், என் நாத்தனார் வீடு ஆதம்பாக்கத்திலேயே இருக்கிறது. ஐப்பசி மழையில் ஒரு வாரம் போய், ஆபீசுக்கு இரண்டு நாள் இறங்கி ஏறிப் பார்க்கிறேன் என்று என் வீட்டுக்காரரும் ஒத்துக்கொண்டார்.

நிலாவூர்_தம்பி, உங்கள் ஊரில் அந்த இரண்டு மாதத்துக்குச் சின்ன வீடு ஏதாவது கிடைக்குமா, கோடையில் வற்றாத கிணறு பக்கத்தில் இருந்தால் போதும்? அப்புறம் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் பைக்கை ராத்திரி முழுக்க விட ஸ்டாண்ட் இருக்கிறதா, மாதத்துக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.