பாவெல் ஹாஸும் காணாமப் போன பாஸ் பார்ட்டும்

*குழு: வீட்டு ஸ்டிரிங்ஸ்*

நித்யா: சுந்தர் மாமா, செக் இசையமைப்பாளர் பாவெல் ஹாஸ் ஸ்டிரிங் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதின ‘ஸ்டடி’ங்கிற படைப்புல, டபுள் பாஸுக்கான (செல்லோவை விடப் பெரிய தந்தி வாத்தியம்) பார்ட்டை அவர் எழுதினதே இல்லைன்னு பாரி அண்ணன் சொல்றார். நிஜமா?

சுந்தர் மாமா: எழுதினார்மா, கிடைக்கலை. 1943-ல, நாஜிகள் யூதர்களை அடைச்சு வெச்ச தெரேசின் கெட்டோவுல, கரெல் அன்ச்செர்ல் கண்டக்டரா நடத்தின கைதிகள் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதினது. எல்லா வாத்தியமும் சேர்ந்த முழு ஸ்கோர் போயிடுச்சு. விடுதலைக்கு அப்புறம் அன்ச்செர்ல் தனித்தனி பார்ட்டா கண்டுபிடிச்சார். பாஸ் மட்டும் இல்லை. நாம வாசிக்கிற பாஸ் பார்ட், ஹாஸோட மாணவர் லுபோமிர் பெடுட்சி நிரப்பினது.

நித்யா: செல்லோ பார்ட்டை ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ இறக்கினா போதாதா?

பாரி: அங்கதான் எல்லாரும் சறுக்குவாங்க. பாஸ் எழுதின சுருதிக்கு ஒரு ஆக்டேவ் கீழ ஒலிக்கும், சரி. ஆனா நாலு தந்தி பாஸ்ல கீழ்க்கோடி நோட்டு ‘ஈ’. செல்லோ ‘சி’ வரைக்கும் இறங்கும். அந்த சி, டி வர்ற இடமெல்லாம் பாஸ் மேல தாவணும். இசை வாக்கியத்துக்கு நடுவுல தாவினா லைன் உடையும், வாக்கிய ஆரம்பத்துலயே தாவிடணும்.

சுந்தர் மாமா: இன்னொண்ணு, ஃபியூக், அதாவது ஒரே மெட்டை வாத்தியங்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு எடுத்துக்கிற பகுதி. செல்லோ அந்த மெட்டை (சப்ஜெக்ட்) வாசிக்கும்போது பாஸும் சேர்ந்தா அடர்ந்து குழம்பிடும், வேகமும் இழுக்கும். எங்க சும்மா இருக்கணும்னு முடிவு பண்றதுதான் கஷ்டம். நோட்டு போடுறது சுலபம்.

நித்யா: அப்ப பாஸ் கனமா கேட்டா ஹாஸைத் திட்டக் கூடாது 😄

பாரி: கூடவே கூடாது. மனுஷர் செக் நாட்டு ப்ர்னோ ஊர்க்காரர், பெரிய இசையமைப்பாளர் யானாச்செக்கோட மாணவர். 1925-ல எழுதின ரெண்டாவது ஸ்டிரிங் குவார்டெட்டோட (நாலு தந்தி வாத்தியத்துக்கான இசை) கடைசிப் பகுதியில ஜாஸ் டிரம்ஸே சேர்த்தவர். எதை எங்க சேர்க்கணும்னு தெரியும்.

நித்யா: கெட்டோவுல பேப்பர் எப்படிக் கிடைச்சுது?

சுந்தர் மாமா: ஹாஸை 1941 டிசம்பர்ல அங்க கொண்டு போனாங்க. அதுக்கு முன்னாடியே மனைவியும் மகளும் தப்பணும்னு சட்டப்படி விவாகரத்து வாங்கியிருந்தார். உள்ள போனதும் மனசு ஒடிஞ்சு எழுதவே இல்லை. அங்க இருந்த இன்னொரு இசையமைப்பாளர் கிடியோன் க்ளைன் கையால அஞ்சு கோடு போட்ட தாளைக் கொண்டுவந்து முன்னால வெச்சு, எழுதுங்கன்னு நச்சரிச்சார். அப்படி 1942-ல வந்தது ஆண்கள் கோரஸ் ‘அல் ஸ்ஃபோட்’. அட்டையில நோட்டுகளையே ஹீப்ரு எழுத்து மாதிரி வரைஞ்சு, ‘தெரேசின் நாடுகடத்தலின் முதலும் கடைசியுமான ஆண்டுநிறைவு நினைவா’ன்னு ஒளிச்சு வெச்சிருக்கார்.

பாரி: கடைசின்னு நம்பியிருக்கார் பாருங்க.

நித்யா: சீனக் கவிதைப் பாட்டுகளும் அங்க எழுதினதுதானே?

சுந்தர் மாமா: ஆமா, 1944. நாலு பாட்டு, கீழ்க்குரல் (பாஸ்) பாடகர் கரெல் பெர்மனுக்காக. செயின்ட் வென்ஸெஸ்லாஸ் கோரல்ங்கிற பழைய செக் பக்திப் பாட்டுலேர்ந்து நாலு நோட்டை எடுத்து நெய்திருக்கார். செக் காதுக்குச் சட்டுனு புரியும்.

பாரி: அதே வருஷம் நாஜிப் பிரச்சாரப் படத்துக்காக ‘ஸ்டடி’யை வாசிக்க வெச்சாங்க. ஹாஸ் எழுந்து தலைவணங்குறது அதுல இருக்கு. ஷூட்டிங் முடிஞ்சு சில வாரத்துல, அக்டோபர்ல, ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில். அங்கே கொன்னுட்டாங்க. அன்ச்செர்ல் பிழைச்சார், அதனாலதான் அந்த பார்ட்டுகள் நம்ம கைக்கு வந்தது.

நித்யா: 🙏

சுந்தர் மாமா: நித்தி, செல்லோ பார்ட்ல ‘ஈ’க்குக் கீழ போற பார்களை (தாள அளவுக் கட்டங்களை) மட்டும் பென்சில்ல வட்டம் போட்டு படம் அனுப்பும்மா. பாஸ்ல தாவுற இடத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.