ரீபேசிங்: ‘மறுமதிப்பீடு’ வேண்டாம், ‘அடிமாற்றம்’ ஆகட்டும்

வணக்கம். ‘ரீபேசிங்’ (rebasing), அதாவது ஒரு கணக்கை எண்ணத் தொடங்கும் அடிப்படையை மாற்றுவது, நம் கலைச்சொற் பட்டியலில் எந்தத் தமிழ்ச் சொல்லால் ஏற வேண்டும் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ரீபேசிங் என்பதற்கு ‘மறுமதிப்பீடு’ என்றே எழுதிவிடலாம். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் அண்ணன், ஆனால் பிழையாக விளங்கும். ஆரையம்பதியில் இருக்கும் என் மாமா 2019இல் கல்லடியில் ஒரு வெறும் வளவை விற்றார். வரிக் கணக்குக்கு ‘மறுமதிப்பீட்டு அறிக்கை தேவை’ என்று ஓரிடத்தில் துண்டில் எழுதிக் கொடுத்தார்கள். மாமாவும் விற்ற மாதத்துப் பெறுமதிக்கு அறிக்கை எடுத்து வந்தார். உண்மையில் வேண்டியிருந்தது 2017 செப்டம்பர் 30ஆம் திகதிப் பெறுமதி. மதிப்பீட்டாளருக்கு இரண்டாம் தடவையும் காசு கட்டினார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

விஷயம் இதுதான். இலங்கையில் 2002இல் நீக்கப்பட்ட மூலதன ஆதாய வரி (சொத்தை விற்றுக் கிடைக்கும் இலாபத்துக்கான வரி), 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் மூலம் 2018 ஏப்ரல் 1 முதல் 10 வீதத்தில் திரும்பி வந்தது. 2017 செப்டம்பர் 30இல் கையிலிருந்த சொத்துக்கு, வாங்கிய விலையை விட்டுவிட்டு அன்றைய சந்தைப் பெறுமதியையே அடக்கவிலையாகக் கொள்ளச் சொன்னார்கள். 1995இல் 2 இலட்சத்துக்கு வாங்கிய வளவு அன்றைக்கு 30 இலட்சம் பெறும், 2019இல் 35 இலட்சத்துக்கு விலைபோனது என்று வைப்போம். ஆதாயம் 5 இலட்சம், வரி 50,000 ரூபாய். பழைய விலையிலிருந்து எண்ணியிருந்தால் ஆதாயம் 33 இலட்சம், வரி 3,30,000 ரூபாய்! பிரித்தானியாவிலும் இதே வேலை நடந்தது. 1965இல் தொடங்கிய வரிக்கு, 1988ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1982 மார்ச் 31ஐப் புதிய தொடக்கமாக வைத்தது.

ஆக, இங்கே மாறுவது எண்ணத் தொடங்கும் இடம். ‘மறுமதிப்பீடு’ அதைச் சொல்லவில்லை.

> ‘அடி’ என்றால் காணிக்காரருக்கு நீள அளவுதானே நினைவுக்கு வரும்?

தனியாக நின்றால் வரலாம். ஆனால் ‘கதையை அடியில இருந்து சொல்லு’ என்று நம் வீடுகளில் கேட்கும்போது யாரும் அடிமட்டத்தைத் தேடுவதில்லை. உயர்தரத்தில் பொருளியல் படித்த பிள்ளைக்கு ‘அடியாண்டு’ (ஒப்பிடுவதற்கு 100 என்று வைக்கும் ஆண்டு) பழகிய சொல். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2013=100 என்பதிலிருந்து 2021=100 என்பதற்குப் போனதை ‘அடியாண்டு மாற்றம்’ என்றால் உடனே பிடிபடும். அதே வழியில் வரிக்கு ‘அடிப்பெறுமதி மாற்றம்’ என்போம். இரண்டுக்கும் பொதுவாக ‘அடிமாற்றம்’.

சுட்டெண்ணில் பொருட்கூடையும் (விலை பார்க்கும் பொருட்களின் பட்டியல்) நிறைகளும் (ஒவ்வொன்றுக்கும் கொடுக்கும் பங்கு) சேர்ந்தே புதுப்பிக்கப்படுவது வழக்கம் என்பதையும் பதிவில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். 100 என்ற இடத்தை மட்டும் நகர்த்தினால் பணவீக்க வீதம் மாறாது, எல்லா எண்ணையும் ஒரே எண்ணால் வகுக்கிறோம், அவ்வளவுதான். வரியில் அப்படியில்லை, கட்டும் தொகையே மாறிவிடும். ஒரே சொல்லை வைத்தாலும் இந்த வேறுபாட்டை விளக்கத்தில் விட்டுவிடக் கூடாது.

‘மீள் அடிப்படையாக்கம்’ என்ற மற்றச் சொல்லைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீளம், வாயில் நிற்காது.

வினையாக்கும்போதும் ‘அடிமாற்று’ இலகுவாக வருகிறது: ‘2021க்கு அடிமாற்றிய சுட்டெண்’, ‘அடிமாற்றிய பெறுமதி’. அக்கரைப்பற்றில் உயர்தரத்துக்குப் படிப்பிக்கும் அக்கா, வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் தடக்காமல் எடுத்துக்கொண்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.