ஜி1000 திரைகளை வீட்டுச் சிமுலேட்டரில் பழகலாமா?

இரணைமடுவான்:
வணக்கம். முள் மானிகள் உள்ள செஸ்னா 152 சிறு விமானத்தில் இரத்மலானையில் பயிற்சி தொடங்கிய நான், அடுத்து, மானிகளுக்குப் பதில் கணினித் திரைகளில் தகவல் காட்டும் கார்மின் ஜி1000 தொகுதி பொருத்திய செஸ்னா 172 க்கு மாறவிருக்கிறேன். ஒவ்வொரு பறப்பு மணித்தியாலத்துக்கும் வீட்டார் படும் பாட்டை அறிந்ததால், கிளிநொச்சியில் விடுமுறையில் நிற்கும்போதே அந்தத் திரைகளைக் கணினியில் பழக விரும்புகிறேன். இதனால் பலன் உண்டா, அல்லது பிழையான பழக்கங்கள்தான் ஒட்டிக்கொள்ளுமா?

கனகராயன்:
தம்பி, பலன் நிச்சயம் உண்டு. ஆனால் அது விமானத்தை ஓட்டப் பழகுவதற்கல்ல, திரையோடு பழகுவதற்கு. பக்கங்களைத் தெரியவும் தகவலை உள்ளிடவும் உதவும் எஃப்எம்எஸ் குமிழில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் உள்ளன. பறப்புத் திட்டப் பக்கத்தில் குமிழை அழுத்தி, உள்வளையத்தால் எழுத்தைத் தெரிந்து, வெளிவளையத்தால் அடுத்த எழுத்துக்கு நகர்ந்து, பலாலி விமான நிலையத்தின் குறியீடான வி.சி.சி.ஜே யை உள்ளிடப் பழகுங்கள். யோசிக்காமலே கை இதைச் செய்யும் நிலை வந்துவிட்டால், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, காசு கரைந்துகொண்டிருக்க, பக்கம் தேடித் தடுமாற வேண்டியிருக்காது. அடுத்ததாக, திரையில் வேகத்தைக் காட்டும் பட்டையின் ஓரத்தில் நீளும் ஊதாக் கோட்டைக் கவனியுங்கள். இப்போதைய போக்கு நீடித்தால் 6 செக்கனில் வேகம் எவ்வளவாக இருக்கும் என்பதை அது காட்டும். முள்ளின் அசைவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பிடிபடச் சற்று நாள் எடுக்கும். கார்மின் தன் இணையத்தளத்தில் இலவசமாகத் தரும் விமானி கையேட்டைப் பக்கத்தில் வைத்திருங்கள், ஏனெனில் சிமுலேட்டரில் எல்லாப் பக்கங்களும் இயங்குவதில்லை.

மாங்குளத்தாள்:
மைக்ரோசொப்ட் சிமுலேட்டர் நிலக்காட்சியை இணையத்திலிருந்தே இழுப்பதால் டேட்டா விரைவில் முடிந்துவிடும். எங்கள் பக்க இணைப்புக்கு, ஒருமுறை நிறுவினால் இணையமின்றியும் ஓடும் எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரே தோது.

முறிகண்டியான்:
கனகராயன் அண்ணா சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் ஓர் எச்சரிக்கை அவசியம். வீட்டில் திரையையே பார்த்துப் பறந்தவர்கள், வானிலும் வெளியே பார்க்க மறக்கிறார்கள். வெளியே பார்த்தே ஓட்டும் பார்வைப் பறப்பில் அது ஆபத்து. ஆகவே திரைப் பயிற்சியைச் சிமுலேட்டரை இடைநிறுத்தி வைத்தே செய்யுங்கள், பறக்கும்போது கண் அடிவானத்தில் இருக்கட்டும். எக்ஸ்-பிளேனில் பழுதுகளை வரவழைக்கும் பட்டியலில், வேகம், உயரம் காட்டும் முதன்மைத் திரையை அணைத்து, சிவப்புப் பொத்தானால் மற்றத் திரைக்குத் தகவலைக் கொண்டுவரவும், வேகத்தின்மேலும் உயரத்தின்மேலும் சிவப்புக் குறுக்குக்கோடு விழுந்தால் மாற்று மானிகளுக்குப் பார்வையைத் திருப்பவும் பழகுங்கள். உண்மை விமானத்தில் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வாய்ப்புக் குறைவு. இந்த மணித்தியாலங்கள் உங்கள் பறப்புப் பதிவேட்டில் ஏறா; அங்கீகாரம் பெற்ற பயிற்சிக் கருவியில் செலவிட்ட நேரத்துக்கே அந்தத் தகுதி உண்டு.

இரணைமடுவான்:
மிக்க நன்றி. எக்ஸ்-பிளேனை நிறுவி, குமிழ்களிலிருந்தே தொடங்குகிறேன். பழுதுப் பயிற்சியை என் பயிற்றுநரிடம் கேட்ட பின் செய்கிறேன்.