பெயின்ற்றுக்குக் கீழ பூசியிருந்த பட்டியைச் சுரண்டினபோது உள்ளுக்க என்ன கிடந்தது? பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கோ

தெஹிவளை எம்.ஜி.

1965 எம்.ஜி.பி. சிவப்பு, கன்வஸ் மூடி. போன வருசம் வாங்கினது. இலங்கைக்கு வாகன இறக்குமதி அஞ்சு வருசம் நிண்டதில பழைய காருகளுக்கு என்ன விலை சொன்னவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதேல்ல.

முன் சில்லு காத்துப் போட்டுது. வீட்டு வாசல்லயே ஜக்கைக் கொளுவினன். இந்தக் காருக்கு ஜக் கொளுவிறது கதவுக்குக் கீழ நீளமாப் போற சில் பெட்டியின்ர நடுவில. (இனிப் பெட்டி எண்டே எழுதிறன், சில்லோட குழம்பும்.) சுத்திறன், ஜக் மேல போகுது, கார் எழும்பேல்ல. ரஸ்க் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். குனிஞ்சு பாத்தா தரையில சாம்பல் நிறத்தில தூள். விரலால எடுத்துத் தேய்ச்சுப் பாத்தன். சீமெந்து.

அடுத்த நாள் நுகேகொடையில தகட்டு வேலை செய்யிற ஒரு பாஸிட்டக் கொண்டுபோய்ப் பெயின்ற்றைச் சுரண்டினம். ஒரு விரல் மொத்தத்துக்குப் பட்டி. பட்டிக்குக் கீழ புதுசா ஒரு தகடு, சும்மா மேல போத்தினது. அதைக் கழட்டினா பழைய பெட்டி, கை பட்டால் உதிருது. நடுவில இருக்கவேண்டிய தகடு இல்லவே இல்லை. அந்த ஓட்டையை மூடுறதுக்குப் பால்மா டின்னை வெட்டி விரிச்சு ரிவெற் அடிச்சிருக்கு, இடைவெளிக்குள்ள சீமெந்து ஊத்தியிருக்கு. டின்னின்ர அச்சடிச்ச பக்கம் உள்ளுக்க. பாதி கறள். மிச்சப் பாதியில மூண்டு மொழியிலும் அட்டவணை: குழந்தையின்ர வயசு, தண்ணி எவ்வளவு, பால்மா எத்தனை கரண்டி. தமிழில 'மட்டமாக நிரப்பிய கரண்டி' எண்டதை வடிவா வாசிக்கலாம்.

பாஸ் ஒண்டும் கதைக்கேல்ல. டோர்ச் லைட்டை நிப்பாட்டிப்போட்டு வெளியில போய் நிண்டார்.

அதுக்கு இரண்டு கிழமைக்கு முதல்தான் மகளைப் பக்கத்து சீற்றில இருத்தி அதிவேக நெடுஞ்சாலையால காலிக்குப் போய் வந்தனான். கூரை இல்லாத கார். அந்த இரண்டு பெட்டியும்தான் முன்னுக்கும் பின்னுக்கும் பிடிச்சு வச்சிருக்கிறது. நூறில போனம். அவள் கையைத் தூக்கிக் காத்தைப் பிடிச்சுக்கொண்டு வந்தவள். இராத்திரியில இப்பவும் அதுதான் வருது. இந்த வேலையைச் செய்தவன் ஆரெண்டாலும், மனுசன் இல்லை.

வாப்பாவின் ஸ்பிட்ஃபயர்

எங்கட வாப்பாட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். நிறுத்தி வச்சே பல வருஷம். நான் எடுத்து ஒரு கராஜில் ஃபுல் சர்விஸ் செய்யக் கொடுத்தேன். பில்லில் 'முன்பக்கம் முழுக்க கிறீஸ்' என்று தனி வரி போட்டு காசு எடுத்திருந்தாங்க. அந்த வரியைப் பார்த்து எனக்கு சந்தோஷம்தான்.

மூணு மாசம் கழிச்சு, பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயிலைத் தாண்டி ஒரு ஒழுங்கைக்குள்ள திருப்பினேன். நடக்கிற வேகம்தான். ஸ்டியரிங்கை முழுசாக ஒடிச்ச அந்த நேரத்தில் டொக் என்று ஒரு சத்தம், காரின் ஒரு மூலை அப்படியே தரையில் இருந்துட்டு. இறங்கிப் பார்த்தா இடப்பக்க சில்லு மட்காட்டுக்குள்ள படுத்துக் கிடக்கு.

ட்ரனியன் தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல் சொல்லத் தேவையில்லை. தெரியாதவங்களுக்கு: சில்லைத் தாங்குற நிமிர்ந்த இரும்பின் அடி மரையாக இருக்கும், அது ஒரு வெண்கலக் கட்டைக்குள்ள ஏறி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை அதுக்குள்ளேயே திரும்புது. அதுக்கு ஒயில்தான் விடணும், கியர் பெட்டிக்கு ஊத்துற ஈ.பி. 90 மாதிரித் தடிச்ச ஒயில். கிறீஸ் மரைக்குள்ள இறங்காது. வாயை அடைச்சுக்கிட்டு நிற்கும், உள்ளே தண்ணி தேங்கிக் கறள் பிடிக்கும். முறிஞ்ச துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாய்ப்பக்கம் புதுக் கிறீஸ், தேன் மாதிரி பளபளன்னு. உள்ளே மரையெல்லாம் காஞ்சு செங்கல் நிறம்.

ஒரு ஆட்டோக்காரர் வந்து ஆள்களைச் சேர்த்து ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார். வாப்பா இருந்திருந்தா அந்தப் பில்லைப் பார்த்த உடனே பிழையைக் கண்டுபிடிச்சிருப்பார்.

கிராண்ட்பாஸ் டிங்கர் மகன்

தெஹிவளைத் தம்பிக்கு. உங்கட கோபம் விளங்குது, மகளை இருத்திப் போன கதையை என்னால முழுசா வாசிக்க ஏலாமல் போச்சு. ஆனால் 'மனுசன் இல்லை' என்ற வார்த்தையை விட்டுட்டுப் போக மாட்டேன். என் அப்பா டிங்கர் பாஸ், காருக்குத் தகடு தட்டி ஒட்டுறவர்.

1977இல் இறக்குமதியைத் திறந்துவிட முதல் இந்த நாட்டில் என்ன கிடைச்சது என்று நினைச்சுப் பாருங்க. தகடு வராது, பெட்டி வராது. கேஸ் வெல்டிங் மட்டும்தான், அதுக்கும் சிலிண்டர் கிடைக்கிற நாள் பார்த்து வேலை. அப்பா தார் பீப்பாவை வெட்டி, நெருப்பில் தாரைப் போக்கி, தட்டி நேராக்கித்தான் மட்காட் அடிப்பார். இப்ப எல்லாரும் பூசுற பட்டியை அவர் கனகாலம் தொடவே இல்லை. ஈயத்தை உருக வச்சு மரக்கட்டையால் இழுத்துப் பரப்பி, ஆறினதும் அரத்தால் ராவுவார். பெயின்ற் அடிச்ச பிறகு எங்கே ஒட்டியது என்று யாராலும் காட்ட முடியாது.

இப்ப நான் சொல்ல வந்தது. 1976, எனக்குப் பன்னிரண்டு வயசு. ஒருத்தர் எம்.ஜி. ஒன்று கொண்டுவந்தார். அப்பா பெட்டிக்குள்ள கையை விட்டு, ஒரு பிடி கறளை அள்ளி அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினார். இதை முழுசாக வெட்டணும், ஒரு மாசம் வேணும் என்றார். அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை ஆள் வருது பாஸ், மூடி விடுங்க" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அந்தக் கிழமை வீட்டில் அரிசிக்குக் காசு இல்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கைத் துளைப்பானைத் தந்தார். ரிவெற் ஓட்டைகளை நான்தான் போட்டேன். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு. அந்தக் கார் வெள்ளிக்கிழமை ஓடிப்போய்விட்டது. யார் வாங்கினது, எங்கே போனது, ஒன்றும் தெரியாது. அப்பா அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. பாஸைத் திட்டுற ஒவ்வொருத்தரும், மூடச் சொன்னவரையும் சேர்த்துக் கேளுங்க.

மிட்ஜெட் 66

என் கதை சிறியது. எம்.ஜி. மிட்ஜெட், 1966. அந்தக் காலத்துக் கார்களில் பற்றரியின் பாசிட்டிவ்தான் காரின் பொடியில், அதாவது இரும்பு உடலில், பூட்டியிருக்கும். யாரோ ஒரு எலெக்ட்ரீஷியன் பற்றரியை மட்டும் திருப்பிப் பூட்டிவிட்டு, டைனமோவுக்குத் திசை மாற்றிக் கொடுக்காமல் விட்டிருக்கிறார். மருதானையில் வைத்து, டைனமோவையும் பற்றரியையும் இணைக்கிற கட்-அவுட் பெட்டி கருகிப் புகை வந்தது. அவ்வளவுதான்.

தெஹிவளை நண்பருக்கு மிக அவசரமாகச் சில விஷயங்கள், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காரை இன்னும் வெட்டத் தொடங்கவில்லை என்றால் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக வெட்ட விடாதீர்கள். கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டு வெல்டிங் செய்ய விடவே விடாதீர்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துப் பிடித்துவிட்டு, ஒவ்வொரு தகடாகக் கதவை மூடித் திறந்து பார்த்துத்தான் ஒட்ட வேண்டும். கூரையில்லாத கார், நடு வளைந்தபடி ஒட்டினால் அந்த வளைவு நிரந்தரம். உங்கள் கதவின் பின் மேல்மூலை உரசிக்கொண்டு இருந்திருக்குமே? விற்றவர் "பிணைச்சலைச் சரிசெய்தால் போதும்" என்றிருப்பார். அது பிணைச்சல் இல்லை, கார் நடுவில் தொய்ந்தது.

பெட்டி என்றால் ஒரு தகடு அல்ல. வெளித் தகடு, நடுவில் நிமிர்ந்த தகடு, உள் தகடு, அடியில் இன்னொரு சட்டம். வெளித் தகடு முன் மட்காட்டுக்கு உள்ளேயும் போகிறது. ஆகவே மட்காட்டைக் கழற்றாமலும் அதன் அடிப் பகுதியை வெட்டாமலும் பெட்டி மாற்றினேன் என்று யாராவது சொன்னால், அவர் பழையதன் மேல் போர்த்தியிருக்கிறார், வேறொன்றும் இல்லை. இதற்காகப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலையாதீர்கள். எம்.ஜி.பி.க்குப் புதிய தகடுகள் இங்கிலாந்தில் இன்னும் அடிக்கிறார்கள். பிரிட்டிஷ் மோட்டர் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988இல் பழைய அச்சுகளை வைத்து முழு பொடியையே திரும்பச் செய்யத் தொடங்கியது. வரி வலிக்கும். ஆனாலும் சரியான தகடு சரியான தகடுதான்.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். கதவின் அடி, சில்லுக்குப் பின்னால் உள்ள மட்காட் மூலை, பெட்டி. பிடித்துக்கொண்டால் இரும்பு, வழுக்கினால் பட்டி. பிறகு இரண்டு பேரை உள்ளே ஏற்றி இருத்தி, கதவின் மேல் இடைவெளியை விரலால் அளந்து பாருங்கள். ஆள் ஏறியதும் இடைவெளி குறைந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள். மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தி வைத்த கார் என்றால் இதையெல்லாம் இரண்டு தரம் செய்யுங்கள். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளைப் பெயின்ற் அடிக்கிறவர்கள் அடைத்துவிடுவார்கள், கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். உப்புக் காற்று உள்ளே வந்தால் வெளியே போக வழி வேண்டும்.

கிராண்ட்பாஸ் அண்ணன் சொன்னது உண்மைதான், ஆனால் 1977க்குப் பிறகும் இதே வேலை நடக்கிறதே? தகடு கிடைக்கிற காலத்திலும் போர்த்துகிறவரை நான் மன்னிக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி

எங்கட அண்ணாட கார் ஒஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட். கார்ப்பெட் புதுசு, வாசமே புதுசு. மழையில ஆமர் வீதியில தண்ணி நிக்கிற இடத்தால போனம், என்ர செருப்பு நனைஞ்சுது. கார்ப்பெட்டைத் தூக்கினால் பலகை. கறுப்புப் பெயின்ற் அடிச்ச ப்ளைவூட். அதைத் தூக்கினால் ரோட் ஓடுறது தெரியுது. அண்ணாவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல, அவ்வளவு ஆசையா வாங்கினவர். வீடு வந்து சேருமட்டும் காலைத் தூக்கி வச்சுக்கொண்டே இருந்தன்.

தெஹிவளை எம்.ஜி.

மிட்ஜெட் அண்ணை, கதவு உரசினது உண்மைதான். பிணைச்சல் எண்டுதான் சொன்னவர், அதே சொல்லு. ஒரு பக்கம் ஏற்கனவே வெட்டியாச்சு, கதவு பூட்டித்தான் இருக்கு. நாளைக்கே குழாய் வைக்கச் சொல்லுறன்.

கிராண்ட்பாஸ் ஐயா, நீங்கள் எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். 'மனுசன் இல்லை' எண்டு எழுதினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒண்டு கேக்கவேணும். என்ர காரின்ர சிவப்புக்குக் கீழ கடும் பச்சை கிடக்கு. நீங்கள் ஓட்டை போட்ட கார் என்ன நிறம்?

கிராண்ட்பாஸ் டிங்கர் மகன்

கிறீம் நிறம் தம்பி. கம்பிச் சில்லு. உள்ளுக்க சிவப்பு சீற். அப்பா டின் வைக்கவில்லை, பீப்பாத் தகடுதான் வச்சார். ஆனாலும் உங்களுடையதில் ஒரு பக்கத்துக்கு எத்தனை ரிவெற் என்று எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.