சுவரில் நெற்றியை அழுத்தி நின்ற பிறவுணி: ஈரல் வருத்தமுள்ள நாய்க்குட்டியை வளர்த்த அனுபவம்

பிறவுணியின் கண் ஒருநாளும் மஞ்சளாகவில்லை. ஈரல் என்றால் செங்கமாரி, செங்கமாரி என்றால் மஞ்சள் கண், இதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கால் இரண்டு மாதம் வீணாய்ப் போனது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு வரும்போது அவன் 8 கிழமைக் குட்டி, பொமரேனியன் கலப்பு. கூடப் பிறந்ததை மச்சாள் எடுத்தாள். 4 மாதத்தில் மச்சாளின் குட்டி கதிரையில் பாய்ந்து ஏறியது, பிறவுணி அம்மாவின் கைப்பைக்குள் அடங்குகிற அளவிலேயே இருந்தான். தண்ணீர் நிறையக் குடிப்பான், நாள் முழுக்க மூத்திரம் பெய்வான். சின்ன இனம்தானே என்று விட்டுவிட்டோம்.

மெலிகிறானே என்று அம்மாவுக்குக் கவலை. கரைவலை இழுக்கிற நாட்களில் விடியவே கடற்கரைக்குப் போய்ச் சூடை மீன் வாங்கி வந்து, அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து கொடுப்பார். கிழமைக்கு இரண்டு தரம் கோழி ஈரல், இரத்தம் ஊறட்டும் என்று. அவனும் ஆசையாய்த் தின்பான். தின்று ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் ஆள் மாறிவிடுவான். குசினியில் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்று நெற்றியைச் சுவரில் வைத்து அழுத்துவான். முட்டுவதில்லை, அழுத்துவது. பின்னங்கால் இரண்டும் சீமெந்துத் தரையில் வழுக்க வழுக்க அழுத்திக்கொண்டே நிற்பான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதுகூட அசையாது. தூக்கும்போது நெற்றி மயிரில் சுவர்ச் சுண்ணாம்பு வெள்ளையாய் ஒட்டியிருக்கும், வாயால் எச்சில் வடியும். மூன்று நான்கு மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு வருவான்.

பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்று பத்திரகாளி அம்மன் கோயில் திருநீறு பூசினார். இன்னொருவர் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்கச் சொன்னார். காட்டிய ஒரு வைத்தியர் வலிப்பு என்று மாத்திரை எழுதினார், அதைக் கொடுத்து ஒன்றரை நாள் குட்டி எழும்பவே இல்லை. அந்த மாத்திரையை உடம்பிலிருந்து கழிக்க வேண்டியதும் ஈரல்தான் என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அன்று இரவு முழுக்க மூச்சு வருகிறதா என்று வயிற்றில் கை வைத்தபடியே இருந்தேன்.

கண்டுபிடித்தது தங்கச்சி. கொப்பியின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்கு என்ன தின்றான், எத்தனை மணிக்குச் சுவருக்குப் போனான் என்று 11 நாள் எழுதினாள். தயிரும் சோறும் தின்ற நாளில் ஒன்றும் இல்லை. மீன், ஈரல் தின்ற நாளில் எல்லாம் சுவர். அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார்.

அந்தக் கொப்பியோடுதான் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்கு வெளிக்கிட்டோம். விடிய 3 மணிக்கு வான் பிடித்து, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று மடியில் வைத்துக்கொண்டே போனோம். வெறும் வயிற்றில் ஒரு முறை இரத்தம் எடுத்து, பிறகு சாப்பிடக் கொடுத்து 2 மணித்தியாலம் கழித்து இன்னொரு முறை எடுத்தார்கள், பித்த அமிலம் பார்க்க. ஸ்கேனும் செய்தார்கள். இரத்தத்தில் அல்புமின் என்கிற புரதம் குறைவு, யூரியாவும் குறைவு. யூரியா குறைந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அமோனியாவை யூரியாவாக மாற்றுவதே ஈரல்தான், அது வேலை செய்யாவிட்டால் யூரியா இறங்கும், அமோனியா ஏறும் என்று டொக்டர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். குடலில் இருந்து வருகிற இரத்தம் ஈரலுக்குள் போய்ச் சுத்தமாகித்தான் மற்ற இடங்களுக்குப் போகவேண்டும். இவனுக்குப் பிறப்பிலேயே ஒரு குறுக்கு நாளம், இரத்தம் ஈரலைத் தொடாமலே சுற்றிப் போகிறது. மீனும் ஈரலும் செரிக்கும்போது உண்டாகிற அமோனியா நேரே மூளைக்குப் போகிறது. இதில் பெரும்பாலும் கண் மஞ்சளாகாதாம்.

இப்போது லக்டுலோஸ் பாணி கொடுக்கிறோம், ஆட்களுக்கு மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதே இனிப்புப் பாணி. ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய்ப் பக்கமாக மெல்ல விடவேண்டும், பிறகு தாடையைத் துடைக்காவிட்டால் எறும்பு மொய்க்கும். டொக்டர் சொன்ன அளவில் தொடங்கி மலத்தைப் பார்த்து அவரிடம் கேட்டுக் கூட்டிக் குறைக்கிறோம். நாளுக்கு இரண்டு மூன்று தரம் களிப்பதமாய்ப் போனால் சரி, தண்ணீராய்ப் போனால் அளவு கூடிவிட்டது. குடல் கிருமிக்கு ஒரு அன்டிபயோட்டிக்கும் உண்டு. பூச்சி மருந்தைத் தவறவிடுவதில்லை, கொக்கிப்புழு குடலில் இரத்தம் கசிய வைத்தால் அந்த இரத்தமும் இறைச்சி தின்றதற்குச் சமம்.

இறைச்சி கூடாது என்றதும் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், வளர்கிற குட்டி. முட்டையும் தயிரும் இவனுக்கு ஒத்துவருகிறது. குழைந்த சோறு, பூசணிக்காய், அவித்த முட்டை, கிண்ணியாத் தயிர், ஒரு நாளைக்கு 5 தரம் சின்னச் சின்னதாய். அந்த நாளத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு, அது கிழமைக் கணக்கில் ஊதி மெல்ல மெல்ல அடைக்கிற சத்திரசிகிச்சை இருக்கிறது. ஒரேயடியாய் அடைத்தால் ஈரல் தாங்காது, அதனால்தான் மெல்ல. எங்கள் குட்டிக்கு இன்னும் முடிவு எடுக்கவில்லை. மருந்தும் சாப்பாடும் அந்த நாளத்தை மாற்றாது என்பதும் தெரியும். இப்போது 14 மாதம், 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

*

தம்பலகாமத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் குட்டிக்குக் கண் மஞ்சளாகவில்லை, எங்களுடையதுக்கு ஆனது. மாரி மழை, வயல் எல்லாம் வெள்ளம், 5 மாதக் குட்டி வரம்பில் எலி துரத்தித் திரிந்தது. முதலில் காய்ச்சல், பிறகு சத்தி, மூன்றாம் நாள் பல்முரசும் கண்ணும் மஞ்சள், மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி. எலிக்காய்ச்சல், ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்தே பழுதாகிவிட்டது. சேலைன் ஏற்றிப் பார்த்தோம், ஐந்தாம் நாள் போய்விட்டது. நான் வெறுங்கையால் அதன் மூத்திரம் துடைத்திருக்கிறேன், ஆட்களுக்கும் தொற்றும் என்று என்னையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கையுறை போடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று, காணும் என்று இருந்தோம். எலிக்காய்ச்சலுக்கு அது வேறு ஊசி, கேட்டுப் போடவேண்டும்.

*

பாலையூற்றில் இருந்து நான். காய்ச்சல் என்று குட்டிக்குப் பரசிற்றமோல் கொடுக்காதீர்கள், பாதியாய் உடைத்தும் வேண்டாம். அண்ணா கொடுத்துவிட்டார். முரசு மண்ணிறமாகி மூச்சு வாங்கியது, உடனே கொண்டுபோனதால்தான் தப்பியது.

*

பிறவுணி வீட்டில் இருந்து மீண்டும். தம்பலகாமத்துக்காரருக்கு, வாசித்துவிட்டுக் கனநேரம் இருந்தேன். பிறவுணிக்கும் மச்சாளின் குட்டிக்கும் அந்த ஊசி நாளைக்கே கேட்கிறேன்.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார், விருந்தாளிகள் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று. சமாளிக்க முடியவில்லை, அதுதான் உண்மை. தீபாவளிக்கு ஒரு பிள்ளை மேசைக்குக் கீழால் ஆட்டிறைச்சி கொடுத்துவிட்டது, பாசத்தில்தான். பின்னேரம் சுவர். அன்றிலிருந்து ஆட்கள் வருகிற நாளில் அம்மா அவனைத் தன் அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு, தானும் உள்ளேயே சாப்பிடுகிறார். இப்போது சூடை வாங்கினால் அதை வெளி அடுப்பில்தான் சமைப்பார்.