பொருள்: ‘ஹோஸ்ட் பிளான்ட்’ – ஓம்புயிரா, புழுவோம்பியா?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

டொராண்டோவில் எங்கள் குடியிருப்பை ஒட்டிய தோட்டத்தில், வட அமெரிக்க மண்ணுக்கே உரிய செடிகளுக்குத் தமிழிலும் பெயர்ப்பலகை வைக்க இசைந்திருக்கிறார்கள். அதற்காக, ஒரு பூச்சியின் புழு தின்று வளரும் தாவரத்தைக் குறிக்கும் ‘ஹோஸ்ட் பிளான்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டிருந்தேன்; ‘ஓம்புயிர்த் தாவரம்’ என்பதைப் பலர் வழிமொழிந்தீர்கள். என் தயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மொனார்க் வண்ணத்துப்பூச்சி பல பூக்களில் தேன் குடிக்கும்; அதன் புழுவோ எருக்கின் உறவான மில்க்வீட் செடிகளின் இலையில்தான் உயிர்வாழ முடியும். சென்ற ஜூலையில் நான் பார்த்த புழு ஒன்று, முதலில் இலைக்காம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, இலை துவண்டு தொங்கிய பிறகே விளிம்பிலிருந்து தின்னத் தொடங்கியது. அச்செடியின் நஞ்சுதான் பின்னாளில் பறவைகளிடமிருந்து அதைக் காக்கிறது. ஊட்டுவதும் காப்பதும் செடியே என்பதால் ‘ஓம்பு’ என்னும் வினை மிகப் பொருத்தம்.

ஆனால் மொனார்க்கைத் தாக்கும் ஓரணு ஒட்டுண்ணியைப் பற்றியும் அதே பலகையில் எழுத வேண்டியிருக்கிறது. ஒட்டுண்ணி தங்கி வாழும் உயிரையும் ஓம்புயிர் என்றே சொல்கிறோம்; இங்கே அது அந்த வண்ணத்துப்பூச்சி. செடியும் ஓம்புயிர், பூச்சியும் ஓம்புயிர் என்றால் படிப்பவர் என்ன செய்வார்?

நீங்கள் சொன்ன மற்றச் சொற்களில் ‘முட்டையிடு செடி’ என்பது உண்மைக்கே மாறாகிவிடும். நாயின் கழுத்தை நெரிப்பது என்ற பொருளில் ஆங்கிலப் பெயர் கொண்ட ஐரோப்பியக் கொடி ஒன்று இங்கே புதர்புதராகப் பரவிக் கிடக்கிறது. மில்க்வீட் என்று ஏமாந்து மொனார்க் அதில் முட்டையிடுவதுண்டு. பொரிந்த புழுக்கள் அதைத் தின்று பிழைப்பதில்லை. ஒன்டாரியோ 2014இல் மில்க்வீடைத் தீய களைப் பட்டியலிலிருந்து நீக்கி, இந்தக் கொடியை அதில் சேர்த்தது. எனவே முட்டை இருப்பது மட்டும் அடையாளமாகாது.

‘புழுவூட்டி’ எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பாலை ஊட்டுவது பாலூட்டி என்றால், புழுவை ஊட்டுவதுதானே புழுவூட்டி? குஞ்சுக்குப் புழு கொண்டுவரும் சிட்டுக்கல்லவா அது பொருந்தும்! ‘புழுவுணவுச் செடி’யிலும் அதே மயக்கம் இருக்கிறது, போதாக்குறைக்கு, எத்தனையோ வகைப் புழுக்களை வளர்க்கும் ஓக் மரத்தைச் செடி என்று அழைக்க மனம் வரவில்லை.

ஆகவே ‘புழுவோம்பி’ என்பதை முன்வைக்கிறேன். விருந்தை ஓம்புதல் விருந்தோம்பல் ஆவதுபோலப் புழுவை ஓம்புவது புழுவோம்பி. மரம், செடி, கொடி எதற்கும் பொருந்தும். இதற்கு இணையாக, பூச்சிக்குத் தேன் மட்டும் தருவதைத் ‘தேன்செடி’ எனலாம். சீனத்திலிருந்து வந்த பட்லியா என்னும் பூச்செடி மொனார்க்குக்குத் தேன்செடி, புழுவோம்பி அன்று. பூவில் பூச்சி மொய்ப்பதைப் பார்த்து அதையே வாங்கி நடுபவர்களுக்கு இந்த வேறுபாடு கட்டாயம் தெரிய வேண்டும். நம் ஊரில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கு எருக்கு புழுவோம்பி என்றும் தடையின்றி எழுதலாம்.

‘புழு’ என்றால் தோட்டத்துக்கு வருவோர் முகம் சுளிப்பார்கள், ‘கம்பளிப்பூச்சி’ என்றே எழுதுங்கள் என்கிறார் ஓர் அன்பர். மொனார்க்கின் புழு உடம்பில் கம்பளி இல்லை ஐயா. வழுவழுப்பாக, மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரியோடியிருக்கும். ‘புழு’ இருக்கட்டும். சொற்புணர்ச்சியில் பிழை இருந்தால் மட்டும், பலகை எழுதக் கொடுப்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்.